விடுவிக்கும் கருவியே முதலில்

தூண்டில் எனக்குப் புதிய பொருளன்று. முத்துக்குளித்துறைக் கடற்கரையில், கட்டுமரத்தில் சென்று பிழைத்த ஒருவரின் மகனாகப் பிறந்தவன் நான். சீலா மீனுக்குத் தூண்டில் போடும் நாள்களில், என் தந்தை முள்ளுக்கு மேலே சிறிது நீளத்திற்குக் கம்பி கட்டுவார். சீலாவின் பல்லுக்கு முன் நரம்பு நில்லாது. கம்பி இல்லாவிடில் முள்ளும் போகும், மீனும் போகும் என்பதைப் பள்ளி செல்லும் முன்னரே அறிந்திருந்தேன்.

இவ்வளவு அறிந்திருந்தும், இங்கிலாந்து நாட்டின் ஆற்றங்கரை ஒன்றில், என் தவறான கருவிகளால் ஓர் அழகிய மீனை வீணாகச் சாகடித்தேன். அதை எண்ணும்போதெல்லாம் இன்றும் என் மனம் கூசுகிறது. வாசக அன்பர்களுக்கு அந்தக் கதையையும், அதன்பின் ஒரு பெரியவரிடம் நான் கற்ற பாடத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

பைக் என்னும் மீன்

2014 முதல் 2017 வரை, மேற்கு இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் துணைப் பங்குத்தந்தையாகப் பணியாற்றினேன். செவர்ன், பிரிட்டனிலேயே மிக நீளமான ஆறு. வேல்ஸ் நாட்டு மலையில் தோன்றி, ஷ்ரூஸ்பரி, வூஸ்டர், குளோஸ்டர் ஆகிய நகரங்களைத் தொட்டு, ஏறத்தாழ 354 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. குளிர்காலத்தில் அடிக்கடி பெருக்கெடுத்து வயல்வெளிகளை ஏரியாக்கிவிடும்.

அந்த ஆற்றில் வாழும் வேட்டை மீன்களுள் பெரியது பைக். பெயரைக் கேட்டதும் நம் இளைஞர்களுக்கு மோட்டார் வண்டிதான் நினைவுக்கு வரும்! இதுவோ நன்னீர் மீன். பச்சை உடலில் வெளிர்மஞ்சள் புள்ளிகள். வாத்தின் அலகைப் போன்று தட்டையாக நீண்ட முகம். முதுகுத் துடுப்பு வாலை ஒட்டிப் பின்னே அமைந்திருப்பதால், நின்ற இடத்திலிருந்து அம்புபோல் பாயவல்லது. வாயின் மேலண்ணம் முழுவதும் உள்நோக்கிச் சாய்ந்த பற்கள். உள்ளே போனது வெளியே வருதல் அரிது. மிகப் பெரியவை யாவும் பெண் மீன்களே. 20 பவுண்டு எடையுள்ள ஒன்றைப் பிடித்துவிட்டால், அதை ஆயுள் முழுதும் சொல்லித் திரிவார்கள்.

இத்தகைய வேட்டை மீன் இறந்த மீனையும் உண்ணும் என்பது பலர் அறியாத செய்தி. குளிர்ந்த நீரில் ஓடிப் பிடிக்க வலிமையை வீணாக்காமல், மணத்தை முகர்ந்துவந்து, ஆற்றடியில் கிடப்பதை எடுத்துக்கொள்ளும். ஆகவே, அக்டோபர் முதல் மார்ச் 14 வரை செத்த மீனை இரையாக வைத்துப் பைக் பிடிக்கிறார்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இங்கிலாந்தின் ஆறுகளில் இம்மீன் பிடிக்கத் தடையுண்டு. கோடையில் சட்டம் தடுக்காவிடினும், அறிந்தவர்கள் பைக்கைத் தேடிச் செல்வதில்லை. வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி குறைவு. போராடிக் களைத்த மீன் மீண்டு எழாது.

எங்கள் பங்கில் ஒரு பெரியவர் இருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியே வாழ்ந்தவர். அவரைக் காணச் சென்ற முதல் நாளே, சமையலறைச் சுவரில் சாத்தியிருந்த தூண்டிற்கோல்களைக் கண்டு பேச்சைத் தொடங்கினேன். பேசாதவர் என்று பெயரெடுத்த மனிதர் இரண்டு மணி நேரம் பேசினார்! பிடித்த மீனை எல்லாம் ஆற்றிலேயே விட்டுவிடுவதாகக் கூறினார்.

“விடுவதற்காகவா பிடிக்கிறீர்கள்?” என்று வியப்புடன் வினவினேன். கரைக்கு வந்த மீன் உலைக்கோ சந்தைக்கோ போகும் என்ற உலகில் வளர்ந்தவனல்லவா நான்?

அவர் சற்று யோசித்தார். “நியாயமான கேள்விதான், ஃபாதர். எனக்கே முழு விடை தெரியாது. மீனைத் தேடிப் போகாவிட்டால், இந்தக் குளிரில் ஆற்றைப் பார்க்க யார் போவார்கள்? ஆறு கெட்டுப்போனால் முதலில் அறிகிறவர்கள் நாங்கள்தாம்” என்றார். அந்த விடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. ஆயினும் ஆசை பற்றிக்கொண்டது.

அந்தத் திங்கட்கிழமை

அவரிடம் கோல் ஒன்றை இரவல் கேட்கக் கூச்சம். நல்ல கருவி வாங்கப் பணமுடை. கூச்சமும் சிக்கனமும் சேர்ந்து என்னைக் கெடுத்தன. பழைய பொருள் விற்பவரிடம் மெல்லிய கோல் ஒன்றும், 8 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பும், கையளவு இடுக்கி ஒன்றும் வாங்கினேன். தந்தையின் நினைவால் கம்பி மட்டும் சரியாக வாங்கினேன். ‘மெல்லிய கருவியால் பெரிய மீனைப் பிடிப்பதே திறமை’ என்ற வீண் எண்ணமும் உள்ளூர இருந்தது என்பதை மறைப்பானேன்? நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், உரிமச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெரியவரிடம் கூறாமலே தனியே ஆற்றுக்குச் சென்றேன்.

இரை சாளை மீன். நம் ஊர்ச் சாளையின் உறவான அது, அங்கே உறையவைத்த பொட்டலமாகத் தூண்டிற்காரர்களுக்கென விற்கப்படுகிறது. முன்னிரவே பனிப்பெட்டியிலிருந்து எடுத்து நன்றாக இளகவைத்திருந்தேன். முதல் வீச்சிலேயே சாளை முள்ளிலிருந்து பிய்ந்து தனியே பறந்து நடு ஆற்றில் விழுந்தது. வெறும் முள் என் காலடியில் விழுந்தது. எதிர்க்கரையில் நின்ற இரண்டு பசுக்களைத் தவிர அதைக் கண்டவர் யாருமில்லை.

ஒரு வழியாக, கரையோரம் நீர் தேங்கிச் சுழலும் இடத்தில் இரை அமர்ந்தது. ஒரு மணி நேரம் சென்றபின் தக்கை இருமுறை அசைந்து, சாய்ந்து, நீருக்குள் சென்றது. நூலகத்தில் கிடைத்த பழைய நூல் ஒன்றில், ‘மீன் இரையைக் கவ்வி ஓடி நிற்கும், நின்று விழுங்கி மறுமுறை ஓடும்போதே இழுக்கவேண்டும்’ என்று படித்திருந்தேன். அவ்வாறே காத்திருந்தேன். இழுத்தபோது மறுமுனை மலைபோல் கனத்தது.

அந்த மெல்லிய நரம்பு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தால் மீனை அழுத்தி இழுக்கவே முடியவில்லை. ஆற்றின் ஓட்டமும் மீனின் வலிமையும் ஒருபுறம், என் அச்சம் மறுபுறம். கால் மணி நேரத்திற்கு மேல் அது போராடியது. கரைக்கு வந்தபோது முற்றிலும் களைத்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். முட்கள் இரண்டும் தொண்டைக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. என் இடுக்கி அவ்வளவு தூரம் எட்டவில்லை. குருதி கசிந்தது. ஈரப்புல்லின்மேல் முழந்தாளிட்டு என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒரு முள்ளை எடுப்பதற்குள் மீனின் செவுள் அசைவது நின்றுவிட்டது.

80 சென்டிமீட்டர் நீளமிருக்கும். அதைச் சமைத்து உண்ணவும் வழியில்லை. இங்கிலாந்தின் ஆறுகளில், 65 சென்டிமீட்டருக்கு மேற்படாத பைக் ஒன்றை மட்டுமே ஒருவர் ஒரு நாளில் எடுத்துச் செல்லலாம் என்பது விதி. பெரியவை இனம்பெருக்கும் தாய்மீன்கள் அல்லவா? செத்த மீனை ஆற்றிலேயே விட்டேன். வெள்ளை வயிறு மேலே தெரிய, அது மெல்ல மிதந்து வளைவைக் கடந்து மறைந்தது. பிடித்த மீனை ஒருநாளும் வீணாக்கியறியாத ஒருவரின் மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேசைமேல் விரித்த பாடம்

அன்று மாலையே பெரியவரின் வீட்டுக்குச் சென்று நடந்ததனைத்தையும் கூறினேன். பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகியவனுக்கு, அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அன்று மீண்டும் விளங்கிற்று.

அவர் கடிந்துகொள்ளவில்லை. “எப்போது இழுத்தீர்கள், ஃபாதர்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். பிறகு எழுந்து, தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, தம் கருவிகளை ஒவ்வொன்றாகச் சமையலறை மேசைமேல் வைக்கலானார். நான் எதிர்பார்த்ததுபோல் கோலிலிருந்து தொடங்கவில்லை. கடைசியில் வேண்டியதையே முதலில் வைத்தார்.

முதலில் வந்தது பஞ்சு வைத்துத் தைத்த பாய். பிடித்த மீனைக் கல்லிலோ தரையிலோ கிடத்தினால் உடலின் வழவழப்புப் போய்ப் புண்ணாகிவிடும்; நனைத்த பாயில் கிடத்தினால் அடிபடாது. அடுத்து, ஒரு முழ நீளமுள்ள இடுக்கி. அதன்பின், தடித்த கம்பியையும் துண்டிக்கும் ஒரு வெட்டுக்கருவி. “முள் கழலவில்லையென்றால் முள்ளையே வெட்டிவிட வேண்டும். ஒரு முள்ளின் விலை சில பென்னி. மீனுக்கு விலையுண்டா?” என்றார். பிறகு, வாய் அகன்ற பெரிய ஏந்துவலை. மீன் வளையாமல் முழுநீளத்தில் அதில் அடங்கவேண்டும்.

“இந்த நான்கும் இல்லாதவன் கோலைத் தொடக்கூடாது” என்றார். அன்று என் பையில் இருந்தது, சிறிய வலையும் எட்டாத இடுக்கியும்!

அடுத்து முட்கள். மூன்று முனைகள் ஒன்றாய்ச் சேர்ந்த முள் இரண்டு. 6-ஆம் எண் அளவு. இரை பெரியதானால் 4-ஆம் எண். ஒவ்வொரு முள்ளிலும், இரையில் குத்தும் ஒரு முனைக்கு மட்டுமே எதிர்முள் உண்டு. மற்ற இரண்டிலும் அதை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கியிருந்தார். மேல்முள் இரையின் வாலடியில் ஏறும்; கீழ்முள் விலாவில் ஏறும். இரையின் தலை கீழ்நோக்கித் தொங்கும். பைக் இரையைக் குறுக்கே கவ்வி, பிறகு திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கும். குறுக்கே கவ்வியிருக்கும்போதே விலாவிலுள்ள முட்கள் அதன் தாடைக்குள் இருக்கின்றன. பின் எதற்குக் காத்திருக்கவேண்டும்? தக்கை அசைந்ததும் தளர்வைச் சுருட்டி, பாரம் தெரிந்தவுடன் இழுத்துவிட வேண்டியதே.

முற்காலத்தில், மீன் இரையை வயிறுவரை விழுங்கட்டும் என்றே காத்திருந்தார்கள். அதற்கென்றே அமைந்த முட்களும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆல்ஃபிரட் ஜார்டின் என்ற ஆங்கிலேயர், விலாவில் பதியும் முள்ளமைப்பைப் பரவச் செய்தார். உடனே இழுக்கும் முறைக்கு அது வழி திறந்தது. நான் படித்த பழைய நூல், உண்பதற்காகப் பைக்கைக் கொன்றவர்களின் வழக்கத்தைக் கூறியது. நானோ விடுவதற்காகப் பிடிக்கச் சென்றவன். அறிவுரை தவறன்று, அது யாருக்கு உரியது என்று பாராததே என் தவறு.

முள்ளுக்கு மேலே கம்பி. ஏழு மெல்லிழைகளை முறுக்கிய, 28 பவுண்டு தாங்கும் கம்பி. குறைந்தது 18 அங்குலம். ஒருமுறை நெளிந்து சுருண்டால் எறிந்துவிட வேண்டும். பைக் நரம்பை அறுத்துக்கொண்டு போனால், வாயில் முள்ளோடு வாழவேண்டியது அதுதானே?

அதன்மேல் நரம்பு. சாதாரண நைலான் நரம்பானால் 15 பவுண்டுக்குக் குறையக்கூடாது. பெரியவர் ஆற்றுக்குப் பயன்படுத்தியது 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு. “இத்தனை பருமனா?” என்றேன். “ஆற்றடியில் மரக்கிளை, பழைய சைக்கிள், கம்பிவேலி எல்லாம் கிடக்கின்றன. மெல்லிய நரம்பு உங்கள் பெருமைக்கு உதவும், மீனுக்கு உதவாது. வலுவான நரம்பு மீனை விரைவில் கரைசேர்க்கும். களைக்காத மீன் பிழைக்கும்” என்றார். நான் திறமையென்று எண்ணியதே அந்த மீனைக் களைப்பித்துக் கொன்றது என்பது அப்போது உறைத்தது.

அடுத்து ஈயம். ஏரியில் இரை தானே அமரும். ஆற்றிலோ ஓட்டம் அதை உருட்டிச் செல்லும். சாதாரண ஓட்டத்திற்கு 2 அவுன்சு, பெருக்கின்போது 3 அல்லது 4 அவுன்சு. அந்த ஈயத்தை முதன்மை நரம்பில் நேரே கட்டாமல், 6 அல்லது 8 பவுண்டே தாங்கும் துண்டு நரம்பில் தொங்கவிட்டார். ஈயம் கல்லிடுக்கில் சிக்கினால் அத்துண்டு மட்டும் அறுந்து, மீன் விடுபடும். முழுவதும் வலுவாக இருந்த அமைப்பில், வேண்டுமென்றே ஒரே ஓர் இடத்தை வலுவற்றதாக வைத்திருந்தார்! அந்த நுட்பத்தை நான் வெகுநேரம் வியந்தேன். சிறிய ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்ததால், 1 அவுன்சு வரையிலான பெரும்பாலான ஈய எடைகளின் விற்பனை 1987-ஆம் ஆண்டு முதல் அங்குத் தடை செய்யப்பட்டிருப்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

கடைசியாகவே கோல் வந்தது. 12 அடி நீளம். ‘3 பவுண்டுக் கோல்’ என்று பெயர். கோலைக் கிடையாகப் பிடித்து, நுனியில் எடை கட்டினால், எத்தனை பவுண்டில் நுனி செங்கோணமாக வளைகிறதோ அதுவே கோலின் அளவாம். பவுண்டுக்கு ஓர் அவுன்சு வீதம் வசதியாக எறியலாம் என்பது பழைய கணக்கு. இரையின் எடையும் ஈயத்தின் எடையும் கூடும்போது, என் மெல்லிய கோல் திணறியதில் வியப்பென்ன? நீளமும் வீணன்று. கோலை நிமிர்த்தி நிறுத்தினால் நரம்பின் பெரும்பகுதி நீருக்கு மேலே நிற்கும். ஓட்டம் இழுப்பதும், சருகு சேர்வதும் குறையும்.

“சாளை மென்மையானது, உறைந்தபடியே முள்ளேற்றி எறியுங்கள், பிய்ந்து போகாது” என்றும் சொன்னார். பசுக்களின் கதையைக் கேட்டு அவர் சிரித்தபோதுதான் என் நெஞ்சின் பாரம் சிறிது குறைந்தது.

வெள்ளம் வடிந்த நாள்

2016 பிப்ரவரியில் வெள்ளம் வடிந்து நான்காம் நாள், பெரியவர் என்னை அழைத்துச் சென்றார். ஆறு பால்கலந்த தேநீர் நிறத்தில் ஓடியது. இத்தகைய கலங்கல் நீரில் மீனுக்குக் கண்ணைவிட மூக்கே உதவும் என்பதால், கானாங்கெளுத்தி இனத்து மீனின் வால்பாதியை இரையாக்கினோம். எண்ணெய்ப் பசையும் மணமும் மிக்கது. தோல் தடித்ததால் முள்ளில் நன்கு நிற்கும்.

நான் நடு ஆற்றை நோக்கி எறியப் போனேன். அவர் தடுத்தார். “வெள்ளத்தில் எந்த மீனும் நடு ஆற்றில் நின்று உழைக்காது, ஃபாதர். நீங்கள் ஒதுங்க நினைக்கும் இடத்தில்தான் அதுவும் ஒதுங்கியிருக்கும்” என்று, பழைய படகுத்துறைச் சுவரின் கீழ்ப்பக்கம், நீர் அசையாது கிடந்த மூலையைக் காட்டினார். கரையிலிருந்து ஐந்தடிகூட இல்லை.

நாற்பது நிமிடம் சென்றிருக்கும். நரம்பு இழுபடவில்லை, மாறாகத் தளர்ந்து தொய்ந்தது. மீன் இரையை எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி வருகிறது! தளர்வைச் சுருட்டினேன். பாரம் தெரிந்தது. இழுத்தேன். இம்முறை அஞ்சவில்லை; நரம்பை நம்பி மீனை அழுத்திப் பிடித்தேன். ஐந்து நிமிடத்திற்குள் அது பெரியவரின் வலைக்குள் இருந்தது.

பாயை நனைத்தோம். கன்னத்து மூடியின் கீழ் விரலைச் செலுத்தித் தாடையைப் பிடித்தால் வாய் தானே திறக்கும். அவர் கற்பித்தபடியே செய்தேன். மேல்முள் தாடை ஓரத்தில் பற்றியிருந்தது. இடுக்கி தொட்டதும் கழன்றது. மற்றொன்று எலும்பில் இறுகி அசைய மறுத்தது. ஒரு கணம் அந்த நவம்பர் மாலை என் கண்முன் வந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் வெட்டுக்கருவியை நீட்டினார். முள்ளின் முனையை வெட்டினேன். இரண்டு துண்டாகி வீழ்ந்தது.

14 பவுண்டு இருக்கலாம். அவர் நிறுக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. தேங்கிய நீரில் அதை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். செவுள் சீராக விரிந்து சுருங்கியது. பின்பு வாலை ஒருமுறை அடித்து, என் முகமெல்லாம் சேற்றுநீரைத் தெளித்துவிட்டு மறைந்தது. நாங்கள் இருவரும் நெடுநேரம் அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர், தம் மனைவியும் ஒருகாலத்தில் அந்தத் துறைக்கு உடன் வருவதுண்டு என்று கூறினார். அவரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுவே முதன்முறை.

2017-இல் நான் நாடு திரும்பியபோது, எண்ணெய்த் துணியில் சுற்றி அவர் எனக்குத் தந்தது அந்த வெட்டுக்கருவியையே. ஊருக்குச் சென்றபோது அதைத் தம்பியிடம் காட்டினேன். இன்றும் கடலுக்குப் போகிறவன் அவன். “மீனை விடுவதற்கு ஒரு கருவியா, அண்ணே?” என்று சிரித்தான். அவன் சிரித்ததில் நியாயமுண்டு. பசிக்காகப் பிடிப்பவன் மீனை விரைவில் கொல்கிறான்; விளையாட்டுக்காகப் பிடிப்பவன் விரைவில் விட்டாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே அதை வதைத்துக்கொண்டிருக்க எவருக்கும் உரிமையில்லை. விளையாட்டுக்காகப் பிடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், பெரியவரைப் போலவே எனக்கும் முழு விடை தெரியாது.

அந்தக் கருவி இப்போது என் மேசையில் இருக்கிறது. இங்கே அதற்கு வேலை ஒன்றுமில்லை. எனினும் மாதம் ஒருமுறை தவறாமல் எண்ணெய் இடுகிறேன். கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது.